வெள்ளியில் படக்கூடாத கிரீமை முகத்தில் பூசலாமா?

வாசகர் கேள்வி – பதில்
பதில் அளிப்பவர்: சேலத்தில் முப்பது ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

கேள்வி: அம்மா, வணக்கம். என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உறவில் ஒரு கல்யாணம் வந்ததால், நிறம் கூட வேண்டும் என்று தோழி சொன்ன ஒரு கிரீமைக் கடைவீதியில் 250 ரூபாய்க்கு வாங்கி, இரவுதோறும் பூசினாள். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தது, நாங்களும் மகிழ்ந்தோம். மூன்று மாதத்துக்குப் பிறகு கடையில் சரக்கு வராததால் நிறுத்தினாள். பத்தே நாளில் முகம் சிவந்து, எரிச்சல் எடுத்து, சிறு சிறு பருக்களாகப் பொரிந்துவிட்டது. அதையே மறுபடி பூசினால் அடங்கிவிடும் என்கிறாள் தோழி. டப்பாவோடு இருந்த தாளில், தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவேண்டும் என்று போட்டிருந்தது. நகை கறுத்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தோம். டப்பாவின் படத்தை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம், செவ்வாய்ப்பேட்டை)

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்தக் கிரீமை இனி ஒரு பொட்டு அளவுகூட மகள் முகத்தில் வைக்க விடாதீர்கள். டப்பாவையும் அந்தத் தாளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் மகளை அழைத்துச் செல்லுங்கள். செலவு பற்றிய தயக்கம் இருந்தால், நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

அந்தத் தாளில் இருந்த வாசகத்தைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. நீங்கள் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த பகுதியில் இருக்கிறீர்கள். பாதரசம் பட்டால் தங்கம் என்னவாகும் என்று அங்கே வேலை தெரிந்த எந்தப் பெரியவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தங்கம் வெளுத்துப்போகும், வெள்ளி அதனோடு சேர்ந்து களிம்பாகிவிடும் என்று சொல்வார். நகையில் படக்கூடாது என்று ஒரு முகப் பூச்சு எச்சரிக்கிறது என்றால், அதில் பாதரச உப்பு இருக்கக்கூடும் என்பதற்கு அது முக்கியமான அடையாளம். நகைக்கு ஆகாத அந்தப் பொருளை மூன்று மாதம் ஓர் இளம்பெண்ணின் தோல் உறிஞ்சியிருக்கிறது என்பதே என் கவலை.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதற்கு ஒரு நொதி தேவைப்படுகிறது. பாதரசம் அந்த நொதியை முடக்குவதால்தான் முகம் விரைவில் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நின்றுவிடாமல் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், ஒரு சிறுமி உட்படச் சிலருக்குச் சிறுநீரில் புரதம் வெளியேறும் நோய் வந்து, அவர்கள் எல்லாரும் இப்படிப்பட்ட வெளுப்பாக்கும் கிரீம்களைப் பூசியவர்கள் என்று 2023-இல் மருத்துவர்கள் கண்டறிந்தது செய்திகளில் வந்தது. ஆகவே மகளுக்குக் கால் அல்லது முகத்தில் வீக்கமோ, சிறுநீரில் நுரையோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்கவேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள். அவள் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு ஆகியவற்றைத் தனியாகத் துவைத்து, வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நிறுத்திய பிறகு சிவந்து எரிந்தது என்கிறீர்களே, அது இன்னொரு பொருளையும் காட்டுகிறது. ஸ்டீராய்டு கலந்த பூச்சைப் பல வாரங்கள் முகத்தில் போட்டுவிட்டு நிறுத்தினால், இப்படித்தான் சிவப்பும் எரிச்சலும் பருக்களும் கிளம்பும். மறுபடி பூசினால் அடங்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும். தோழி சொல்வது இந்த வலையைத்தான். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, வெயிலில் நிற்கவே முடியாமல் போய், கன்னத்தில் முடிகூட வளரும். மருத்துவரைப் பார்க்கும் வரை எலுமிச்சை, தக்காளி, மஞ்சள் என்று எதையும் ஆற்றுவதற்காகப் பூசாதீர்கள். குளிர்ந்த நீரில் கழுவி, மணமில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் மட்டும் போடட்டும்.

இனி நீங்கள் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். பொன் நிற மூடி, அதன்மேல் ஒரு பெண்ணின் முகம், அடியில் மையால் குத்திய ஒரு காலாவதித் தேதி. ஒட்டுத்தாளைப் பெரிதாக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வேறு எதுவும் இல்லை. நம் நாட்டில் அழகுப் பொருள்களுக்கு 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண், தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், சேர்மானப் பட்டியல் ஆகியவை அட்டையில் இருக்கவேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்கவேண்டும். 'ஃபாரின் ஐட்டம்' என்று கடைக்காரர் சொன்னார் என்பதற்காக இவற்றை விட்டுவிடக் கூடாது. சிறிய பொதிகளுக்கு, அதாவது 30 கிராமுக்குக் குறைவான கிரீமுக்கும் 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும், சேர்மானப் பட்டியலில் மட்டும் விலக்கு உண்டு. எனவே சிறிய டப்பாவில் பட்டியல் இல்லை என்பதால் பயப்படவேண்டாம். உரிம எண்ணும் முகவரியும் இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். தற்செயலாகக் கலந்துவிடும் பாதரசம்கூட, கண்ணுக்கான பொருள்களைத் தவிர மற்றவற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது அதே விதிகளில் உள்ளது.

உரிம எண் இருந்தும் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு, அது மருந்துக் கடை. நான் அஸ்தம்பட்டியில் கடையில் நின்ற காலத்தில், படர்தாமரைக்கோ மங்குக்கோ யாருக்கோ எழுதிக்கொடுத்த டியூப்பின் பெயரைச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்து, "நிறத்துக்குப் போடுகிறது கொடுங்கள்" என்று கேட்காத நாளே இல்லை. மறுத்தால் அடுத்த கடைக்குப் போவார்கள், அங்கே கிடைத்தும்விடும். அந்த டியூப்பைத் திருப்பிப் பார்த்தால் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு செங்குத்தாக ஓடும். மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று பொருள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று 'சோன்', 'சால்' ஒலியில் முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஸ்டீராய்டுகள். இத்தகைய 14 பூச்சு மருந்துகளைச் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் 2018-இல் அரசு சேர்த்தது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த பூச்சு, மங்குக்காக மருத்துவர் பார்வையில் சில வாரங்கள் போடுகிற மருந்து. அதை முகப்பூச்சாக நினைப்பது மிகப் பெரிய தவறு.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். நிறமிச் செல்களின் எண்ணிக்கை கறுத்தவர், சிவந்தவர் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையும் பரம்பரையாக வருபவை. வெயிலில் கறுத்ததை மெல்லப் போக்கலாம், தழும்பை மங்கச் செய்யலாம். பிறவி நிறத்தை ஒரு வாரத்தில் மாற்றும் யோக்கியமான கிரீம் எதுவும் உலகத்தில் இல்லை.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். பாதி நாள் மூடுபனியும் மேகமும்தான், வியர்வையே இல்லை. ஆனாலும் சேலத்தில் இருந்ததைவிடக் கன்னத்தில் மங்கு அதிகமாகியிருக்கிறது. இங்கே சன்ஸ்கிரீன் தேவையா? எந்த எண் பார்த்து வாங்குவது?
(ஒரு வாசகி, ஏற்காடு)

பதில்: தேவை. சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் 10 முதல் 12 சதவீதம் கூடுகிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வரும்போது குளிர் கூடுவதுபோலவே அந்தக் கதிரும் கூடிவிடுகிறது. மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியைத் தடுப்பதில்லை. வெயில் சுடாததால் நாம் ஒதுங்குவதுமில்லை. அதனால்தான் மங்கு மெதுவாக ஏறியிருக்கிறது.

அட்டையில் இரண்டு குறிகள் இருக்கும். எஸ்.பி.எஃப். என்பது தோலைச் சிவக்க வைத்துச் சுடும் 'பி' வகைக் கதிரைத் தடுக்கும் அளவு. 30 என்றால் ஏறக்குறைய 97 சதவீதம், 50 என்றால் ஏறக்குறைய 98 சதவீதம். ஆகவே 50-ஐயும் தாண்டிப் பெரிய எண்ணுக்காக இரட்டை விலை கொடுப்பதில் பெரிய பயன் இல்லை. அடுத்தது பி.ஏ. என்ற எழுத்துகளும் அவற்றை ஒட்டிய கூட்டல் குறிகளும். அவை ஆழமாக இறங்கும் 'ஏ' வகைக் கதிருக்கானவை. மூன்று அல்லது நான்கு கூட்டல் உள்ளதாகப் பாருங்கள். மங்குக்கு மட்டும் இன்னொன்றும் சொல்லவேண்டும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டுகிறது. அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீன். சேர்மானப் பட்டியலில் 'அயர்ன் ஆக்சைட்ஸ்' என்ற பெயரைத் தேடுங்கள்.

அளவில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறோம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை பிதுக்கிய இரண்டு கோடுகள் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு தடவினால் அட்டையில் உள்ள எண் உங்கள் முகத்தில் கிடைக்காது. வெளியே நிற்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடவேண்டும். அகலமான விளிம்புள்ள தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இதற்குச் சமமான துணை. அவற்றுக்கு ஒருமுறைதான் செலவு.

கேள்வி: சுற்றுலா போனபோது மலையில் ஒரு கடையில் 'கெமிக்கல் இல்லாத கைத்தயாரிப்பு சோப்பு' என்று 120 ரூபாய்க்கு வாங்கினேன். கடைச் சோப்பைவிட நல்லதா?
(ஒரு வாசகர், ஓமலூர்)

பதில்: எண்ணெயோடு காரத்தைச் சேர்த்து வினை நடக்க வைத்தால்தான் சோப்பு. அந்தக் காரம் சோடியம் ஹைட்ராக்சைடு. எனவே கெமிக்கல் இல்லாத சோப்பு என்பது வார்த்தை அளவில்கூட உண்மையாக இருக்கமுடியாது. கைத்தயாரிப்பு சரியாகப் பதப்பட்டிருந்தால் நன்றாகவே இருக்கும். காரம் கூடுதலாக நின்றுவிட்டால் தோலை அரிக்கும். விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும் என்பது கைத்தயாரிப்புக்கும் பொருந்தும். ஏற்காட்டில் உழைத்து விற்கும் பெண்கள் குழுக்கள் மீது எனக்கு மரியாதை உண்டு, அவர்களும் உரிமம் பெற்று எண்ணை அச்சிட்டு விற்கவேண்டும் என்றே விரும்புகிறேன்.

கடைச் சோப்பில் டி.எஃப்.எம். என்ற எழுத்துகளைப் பாருங்கள். மொத்தக் கொழுப்பின் அளவு அது. 76 சதவீதமும் மேலும் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். எண் குறைந்தாலே கெடுதல் என்றும் சொல்லமுடியாது. 'பாத்திங் பார்' என்று போட்டவற்றில் சில, செயற்கை நுரைப்பான்களால் ஆனவை. வறண்ட தோலுக்கு அவை சோப்பைவிட இதமாக இருப்பதுண்டு.

சேர்மானப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதிக அளவில் இருப்பது முதலில் வரும், அப்படியே இறங்குவரிசை. ஒரு சதவீதமும் அதற்குக் குறைவும் ஆனவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். அட்டையின் முன்புறம் குங்குமப்பூ பெரிதாகச் சிரிக்கும். பின்புறத்தில் அது மணப்பொருளுக்கும் பின்னால் கடைசி வரியில் நின்றால், எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: அப்பாவுக்குத் தலைச்சாயம் போட்ட மறுநாள் கண் இமை வீங்கிவிட்டது. இருபது வருடமாக அதே சாயம்தான். திடீரென்று எப்படி?
(ஒரு வாசகர், ஆத்தூர்)

பதில்: ஒவ்வாமை எப்போது வேண்டுமானாலும் தொடங்கும். அதற்கு இருபது வருடப் பழக்கம் பாதுகாப்பு ஆகாது. கருஞ்சாயங்களில் பெரும்பாலும் பி.பி.டி. எனப்படும் பாரா-ஃபினைலின்டையமின் இருக்கிறது. அது உள்ள சாயத்தின் அட்டையில் எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்கவேண்டும். அந்தச் சாயத்தை அப்பா இனித் தொடவே கூடாது. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும், மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். கறுப்பாகப் பிடிக்கும் 'மருதாணி'ப் பொடியும் பலவேளை இதே பி.பி.டி. கலந்ததுதான், கவனியுங்கள். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குப் போடட்டும்.

கேள்வி: கெடுதல் செய்த பொருளைப் பற்றி யாரிடம் புகார் செய்வது? கடைக்காரர் பில்லும் தரவில்லை.
(ஒரு வாசகி, அம்மாபேட்டை)

பதில்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் திரும்பவும் இழப்பீடும் வேண்டுமானால் சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. உரிம எண் இல்லாத சரக்கு என்றால் மாவட்டத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப முடியும். பில் இல்லாவிட்டால், கைபேசியில் பணம் செலுத்திய பதிவு போதும். டப்பாவை மட்டும் கழுவிவிடாதீர்கள். மிச்சமிருக்கும் கிரீமோடு, தொகுதி எண் தெரியும்படி ஒரு படமும், முகத்தின் படமும் தேதியோடு எடுத்து வையுங்கள்.