லெ குவின் கட்டுரையை எப்படிப் பிரித்து அடுக்குவது? – கேள்வி பதில்

தமிழ் விக்கிப்பீடியாவில் அறிபுனை (அறிவியல் புனைகதை), ஃபேண்டசி எழுத்தாளர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் கேட்டவை இவை. எல்லாவற்றுக்கும் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவினையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். இந்த வகைக் கட்டுரையில் வரக்கூடிய சிக்கல் அத்தனையும் அவர் ஒருவரிடமே இருக்கிறது.

கேள்வி: வாழ்க்கை, படைப்புகள், விருதுகள் என்று மூன்று தலைப்பு போட்டேன். படைப்புகள் பகுதி முக்கால் கட்டுரையை விழுங்கிவிட்டது. அறிபுனை தனி, ஃபேண்டசி தனி என்று பிரித்துவிடலாமா?

வேண்டாம். வகையால் பிரித்தால் பாதிக் கதைகள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும். ‘ஓமலாஸ்’ சிறுகதையில் அறிவியலும் இல்லை, மந்திரமும் இல்லை. ஆனால் வாங்கியது அறிபுனை–ஃபேண்டசிக்கான ஹ்யூகோ விருது. வாழ்க்கையைக் காலத்தால் பிரியுங்கள், படைப்புகளைக் கதை நடக்கும் உலகத்தால் பிரியுங்கள். லெ குவினுக்கு எர்த்சீ (மந்திரத் தீவுலகம்), ஹைனிஷ் (பல கோள்களில் நடக்கும் அறிபுனை), ஓர்சினியா (கற்பனை ஐரோப்பிய நாடு) என்று மூன்று துணைத்தலைப்புகள் போதும். ‘தி லேத் ஆஃப் ஹெவன்’ (1971), ‘ஆல்வேஸ் கமிங் ஹோம்’ (1985), ‘லவினியா’ (2008) போன்று இவற்றில் அடங்காதவை ‘பிற புதினங்கள்’ என்ற தலைப்பின் கீழ் வரட்டும். ஒவ்வோர் உலகத்துக்குள்ளும் வெளிவந்த ஆண்டு வரிசை.

இதில் ஒரு நுணுக்கம். எர்த்சீ நூல்களுக்கு 1, 2, 3 என்று எண் போடலாம். ஒன்றன் தொடர்ச்சியாக மற்றொன்று வருகிறது. ஹைனிஷ் நூல்களுக்கு எண் போடாதீர்கள். அவை திட்டமிட்டு எழுதிய தொடர் அல்ல என்று லெ குவினே சொல்லியிருக்கிறார். ஒரு நூலின் காலக்கணக்கு இன்னொன்றோடு ஒட்டாது. விற்பனைத் தளங்களில் ‘ஹைனிஷ் 4’, ‘ஹைனிஷ் 6’ என்று இருப்பதை அப்படியே எடுத்துப் போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கேள்வி: அவருடைய முதல் படைப்பு எது? ஒரு இடத்தில் 1961, இன்னோர் இடத்தில் 1962, வேறொன்றில் 1966 என்று இருக்கிறது.

மூன்றும் சரி, கேள்விதான் முழுமையாக இல்லை. ‘ஆன் டி மூசிக்’ என்ற ஓர்சினியக் கதை 1961-ல் வந்தது. அறிபுனை–ஃபேண்டசி இதழில் வந்த முதல் கதை ‘ஏப்ரல் இன் பாரிஸ்’, ‘ஃபண்டாஸ்டிக்’ இதழ், செப்டம்பர் 1962. முதல் புதினம் ‘ரோகனன்ஸ் வேர்ல்ட்’, 1966. இவற்றுக்கும் முன்பே 1959-ல் கவிதை வெளிவந்திருக்கிறது. ‘முதல்’ என்று எழுதும்போதெல்லாம் அதன் பக்கத்தில் எதில் முதல் என்பதும் இருக்க வேண்டும்: முதல் அச்சான கவிதை, முதல் அச்சான கதை, முதல் புதினம். தகவற்பெட்டியில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்க விவரப் பெட்டி) ‘எழுத்துக் காலம்’ என்ற இடத்தில் போட வேண்டியது 1959.

எர்த்சீ துணைத்தலைப்பையும் 1968-ல் தொடங்காதீர்கள். ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ 1968-ல்தான் வந்தது. ஆனால் அந்தத் தீவுலகம் 1964-லேயே ‘தி வேர்ட் ஆஃப் அன்பைண்டிங்’, ‘தி ரூல் ஆஃப் நேம்ஸ்’ என்ற இரண்டு சிறுகதைகளில் வந்துவிட்டது.

கேள்வி: விருதுப் பட்டியலில் ஆண்டு மாற்றி மாற்றித் திருத்துகிறார்கள். ஒரே நாவலுக்கு 1969-ம் வருகிறது, 1970-ம் வருகிறது.

இது சண்டையே இல்லாத சண்டை. ஹ்யூகோவைக் கொடுத்த ஆண்டால் சொல்வார்கள். அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் சங்கம் தரும் நெபுலாவை, பொதுவாக, நூல் வெளிவந்த ஆண்டால் சொல்வார்கள். விழா அடுத்த ஆண்டு நடக்கும். ஆகவே ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலுக்கு நெபுலா 1969, ஹ்யூகோ 1970. பட்டியலில் ‘ஆண்டு’ என்று ஒரே பத்தி (நெடுவரிசை) வைத்தால் வருகிறவர்கள் எல்லாம் திருத்திக்கொண்டேதான் இருப்பார்கள். இரண்டு பத்தி வையுங்கள்:

படைப்பு | வெளியீடு | விருது | விருது ஆண்டு
தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ் | 1969 | நெபுலா | 1969
தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ் | 1969 | ஹ்யூகோ | 1970
தி ஃபார்தஸ்ட் ஷோர் | 1972 | தேசிய நூல் விருது (சிறார்) | 1973
தி டிஸ்பொசெஸ்ட் | 1974 | நெபுலா | 1974
தி டிஸ்பொசெஸ்ட் | 1974 | ஹ்யூகோ | 1975

பட்டியலுக்கு மேலே ஒரே வரியில் இரண்டு விருதுகளின் ஆண்டுக் கணக்கையும் விளக்கிவிட்டால் திருத்தப் போர் பெரும்பாலும் அடங்கிவிடும்.

‘தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்’ இதைவிட மோசமாகச் சிக்கவைக்கும். குறுநாவலாக ஒரு தொகுப்பில் 1972-ல் வந்தது, ஹ்யூகோ 1973-ல், தனி நூலானது 1976-ல். வெளியீட்டுப் பத்தியில் 1976 என்று போட்டால் நூல் வரும் முன்பே விருது வாங்கியதாக ஆகிவிடும். விருது வாங்கிய வடிவத்தின் ஆண்டைப் போடுங்கள்.

கேள்வி: வேண்டாமென்று மறுத்த விருதைப் பட்டியலில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும், ‘மறுத்தார்’ என்ற குறிப்போடு. 1977-ல் ‘தி டைரி ஆஃப் தி ரோஸ்’ கதைக்கான நெபுலாவை அவர் ஏற்கவில்லை. போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம்மை அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் சங்கம் நடத்திய விதத்துக்கு அது எதிர்ப்பு. பட்டியலில் ஒரு சொல், வாழ்க்கைப் பகுதியில் இரண்டு வரி. ‘சர்ச்சைகள்’ என்று தனித்தலைப்பு எதற்கும் போடாதீர்கள். அது குப்பைக்கூடையாகத்தான் முடியும்.

கேள்வி: ஒரே கதை இரண்டு பெயரில் வந்திருந்தால்?

முதல் பெயரில் ஒருமுறை, மற்றது வழிமாற்று (அந்தப் பெயரைத் தேடினால் முதல் பெயருக்கே கொண்டுபோகும் பக்கம்). ‘டவுரி ஆஃப் தி ஆங்யார்’ என்று 1964-ல் இதழில் வந்த கதைதான் ‘ரோகனன்ஸ் வேர்ல்ட்’ நாவலின் முன்கதையாகவும், பிறகு ‘செம்லீஸ் நெக்லஸ்’ என்ற பெயரில் தொகுப்பிலும் வந்தது. பட்டியலில் மூன்றையும் தனித்தனியாக ஏற்றினால் எண்ணிக்கை ஊதிவிடும். ஆசிரியர் திருத்தி எழுதியிருந்தால் மட்டும் தனிக்குறிப்பு கொடுங்கள்: ‘விண்டர்ஸ் கிங்’ கதையின் 1969 வடிவமும் 1975 வடிவமும் ஒன்றல்ல.

கேள்வி: கதைச்சுருக்கம் எவ்வளவு இருக்கலாம்?

எழுத்தாளர் கட்டுரையில் ஒரு நாவலுக்கு இரண்டு மூன்று வாக்கியம். முடிவு வரை சொல்ல வேண்டுமென்றால் நாவலுக்குத் தனிக் கட்டுரை தொடங்குங்கள். அதுவரை சிவப்பு இணைப்பாக (இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கான இணைப்பாக) இருந்தால் ஒன்றும் குடி முழுகாது. கதையை நிகழ்காலத்தில் எழுதுங்கள், வெளியீட்டு விவரத்தை இறந்தகாலத்தில். ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ நாயகன் கெட்டைப் பற்றி ‘கெட் நிழலைத் துரத்தினான், 1968-ல் வெளிவந்தது’ என்று கலந்தால் எது நடந்தது, எது கற்பனை என்று தெரியாது.

கேள்வி: ‘கருப்பொருள்கள்’ பகுதியில் நான் எழுதிய தாவோயியம் பற்றிய பத்தியை நீக்கிவிட்டார்கள். உண்மைதானே எழுதினேன்?

உண்மையாக இருக்கலாம், ஆனால் யார் சொன்னது? அந்தப் பகுதியில் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு விமர்சகரோ ஆசிரியரின் கட்டுரையோ பின்னால் இருக்க வேண்டும். தாவோயியம் என்ற சீனத் தத்துவத்துக்குச் சான்று கிடைப்பது கஷ்டமே இல்லை. அதன் மூலநூலான ‘தாவோ தே ஜிங்’குக்கு லெ குவினே 1997-ல் ஓர் ஆங்கில வடிவம் வெளியிட்டார்.

ஆசிரியரின் கூற்றையே சான்றாக வைக்கும்போது அது எந்த ஆண்டுக் கூற்று என்பதும் முக்கியம். ‘இஸ் ஜெண்டர் நெசசரி?’ என்ற கட்டுரை 1976-ல் வந்தது. ‘லெஃப்ட் ஹேண்ட்’ நாவலில் தான் பாலினத்தைக் கையாண்ட விதத்தை அதில் ஓரளவு நியாயப்படுத்துகிறார். 1980களின் பிற்பகுதியில் அதே கட்டுரைக்கு மறுகுறிப்புகள் எழுதிப் பல இடங்களில் தன்னையே மறுக்கிறார். முதல் வடிவத்தை மட்டும் மேற்கோள் காட்டினால் அவர் கைவிட்ட கருத்தை அவர் தலையில் கட்டியதாகிவிடும். இந்தப் பகுதிக்கு நேரம் அதிகம் செலவிடுங்கள். கட்டுரையின் தரம் இங்கேதான் தெரியும்.

கேள்வி: பெற்றோரைப் பற்றி எவ்வளவு எழுதலாம்? இருவருமே பிரபலம்.

ஆளுக்கு ஒரு வாக்கியம். தந்தை ஆல்ஃபிரட் க்ரோபர் மானிடவியலாளர்; தாய் தியடோரா க்ரோபர், யாஹி பழங்குடியின் கடைசி மனிதரான இஷியின் வரலாற்றை 1961-ல் நூலாக எழுதியவர். மீதி அவரவர் கட்டுரைக்கு. 1953-ல் பாரிஸில் சார்ல்ஸ் லெ குவினை மணக்கும்வரை அவர் அர்சுலா க்ரோபர்தான். இளமைப் பகுதியில் ‘லெ குவின் பெர்க்லியில் பிறந்தார்’ என்று எழுதாமல் ‘அர்சுலா’ என்றே எழுதுங்கள்.

கேள்வி: பக்க அளவு 90,000 பைட்டைத் தாண்டிவிட்டது. பிரித்தாக வேண்டுமா?

பைட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘கொ’ என்ற ஓர் எழுத்தே மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து 6 பைட். ஆங்கிலக் கட்டுரைக்குச் சொல்லும் வரம்பை இங்கே பொருத்த முடியாது. சொற்களை எண்ணுங்கள். நூற்பட்டியல் திரையில் மூன்று முறை உருட்டும் அளவுக்குப் போனால் அதைத் தனிப் பக்கமாக்குங்கள், உரைநடையை வெட்டாதீர்கள்.

கேள்வி: திரை வடிவங்கள்?

சிறிய பத்தி. ‘லேத் ஆஃப் ஹெவன்’ தொலைக்காட்சிப் படம் 1980, எர்த்சீ குறுந்தொடர் 2004, கோரோ மியாசாகி இயக்கிய ஜிப்லி (ஜப்பானிய அசைவூட்ட நிறுவனம்) படம் 2006. 2004 தொடரில் செம்பழுப்பு நிறக் கெட்டை வெள்ளையராக்கியதை லெ குவின் எழுத்திலேயே கண்டித்தார். அது கட்டாயம் இடம்பெற வேண்டும். நடிகர் பட்டியல் வேண்டாம்.

கேள்வி: இதே அமைப்பைச் சுஜாதாவுக்கு வைக்கலாமா?

பொருந்தாது. அவருடைய அறிபுனைகள் எல்லாம் ஒரே பொது உலகத்தில் நடப்பவை அல்ல. கணேஷ்–வசந்த் பாத்திரத் தொடரும் பெரும்பாலும் துப்பறியும் கதை. அங்கே அறிபுனை, துப்பறியும் கதை, நாடகம், கட்டுரை என்று வகையால் பிரிப்பதே நல்லது. இதழில் தொடராக வந்த ஆண்டு, நூலான ஆண்டு என்று இரண்டு பத்தி அங்கேயும் வேண்டும்.

கேள்வி: நூலட்டைப் படங்களைப் போடலாமா?

எழுத்தாளர் கட்டுரையில் வேண்டாம். அட்டை ஓவியத்துக்குப் பதிப்புரிமை உண்டு. பொதுவகத்தில் (விக்கிமீடியாவின் கட்டற்ற படக் களஞ்சியம்) ஏற்றினால் அழித்துவிடுவார்கள். பொதுவகத்தில் கட்டற்ற உரிமத்தில் இருக்கும் ஆசிரியரின் ஒளிப்படம் ஒன்றைத் தகவற்பெட்டியில் போட்டு, எடுத்த ஆண்டைக் கீழே குறிப்பிடுங்கள்.