ரயில் குத்தகைக் கம்பெனியின் கார்பன் கணக்கு: எங்கே பார்ப்பது?

கேள்வி: ரயில் இன்ஜின், வேகன்களைக் குத்தகைக்கு விடும் ஒரு கம்பெனியின் கடன் பத்திரத்தில் பணம் போடலாம் என்றிருக்கிறேன். ஆண்டுக்குச் சில நூறு டன் கார்பன்தான் வெளியிடுகிறோம், 2050-க்குள் நெட் ஜீரோ (வெளியேற்றத்தைக் குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டி நிகரப் பூஜ்யம் ஆக்குவது) என்கிறார்கள். நானே சரிபார்க்க முடியுமா? (வாசகர், நீடாமங்கலம்)

பதில்: முடியும். அந்தச் சில நூறு டன் பொய்யாக இருக்காது. ஆனால் அது பெரும்பாலும் ஆபீஸ் கரண்ட்டும் கார் டீசலும்தான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர், வயலில் ஓடும் மோட்டாரை விட்டுவிட்டு வீட்டுக் கரண்ட் பில்லை மட்டும் காட்டுவது போன்றது இது.

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள் செபி விதிப்படி பி.ஆர்.எஸ்.ஆர். (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கை தருகின்றன. அதில் சுற்றுச்சூழல் பற்றிய 6-வது கொள்கையைப் புரட்டுங்கள். கம்பெனி நேரடியாக எரிக்கும் எரிபொருள் (ஸ்கோப் 1), வாங்கும் மின்சாரம் (ஸ்கோப் 2) இரண்டும் கட்டாயப் பகுதியில் இருக்கும். ஸ்கோப் 3, அதாவது கம்பெனிக்கு வெளியே அதன் தொழிலால் உண்டாகும் மற்ற வெளியேற்றம், விருப்பப் பகுதியில் இருப்பதால் காலியாக விட்டாலும் குற்றமில்லை. குத்தகைக் கம்பெனிக்கோ முக்கால்வாசி விஷயம் அங்கேதான், வகை 13-இல், அதாவது குத்தகைக்கு விட்ட சொத்துகளின் கணக்கில் இருக்கிறது.

அடுத்து, கணக்கின் எல்லையை எப்படி வகுத்தார்கள் என்று பாருங்கள். சொத்தின் நிதிப் பலன் யாருக்கோ அவர் கணக்கில் சேர்க்கும் 'நிதிக் கட்டுப்பாடு' முறையில், ஆபரேட்டிங் லீஸில் (உடைமை கம்பெனியிடமே இருக்கும் வாடகை போன்ற குத்தகை) விட்ட இன்ஜினின் புகை கம்பெனியின் ஸ்கோப் 1-இல் சேரும். யார் ஓட்டுகிறாரோ அவர் கணக்கில் சேர்க்கும் 'இயக்கக் கட்டுப்பாடு' முறையைத் தேர்ந்தெடுத்தால் அதே புகை ஸ்கோப் 3-க்குப் போய்விடும். இரண்டுமே அனுமதிக்கப்பட்டவை. ஸ்கோப் 3-க்குத் தள்ளிவிட்டு அந்தப் பக்கத்தையும் காலியாக விடுவதுதான் தவறு.

வேகனுக்கு இன்ஜின் இல்லையே என்று பூஜ்யம் போடுபவர்களும் உண்டு. உங்கள் ஊரிலிருந்து அரவைக்குப் போகும் நெல் ரேக்கையே (ஒரு முழு சரக்கு ரயில்) எடுத்துக்கொள்வோம். 42 வேகன், 2,000 டன் நெல். வேகன் வெறும் எடை தலா 25 டன் என்றால் மொத்தம் 3,050 டன். 300 கி.மீ. போனால் 9,15,000 டன்-கி.மீ. (எடையைத் தூரத்தால் பெருக்கியது). காலியாகத் திரும்பும்போது இன்னும் 3,15,000. ஆயிரம் டன்-கி.மீ.க்கு 6 யூனிட் மின்சாரம், யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், இன்ஜின் எடை நீங்கலாகவே சுமார் 5.2 டன் வருகிறது. திரும்பும் பயணத்தை விட்டுவிட்டால் 3.8 டன்தான் தெரியும். அதனால் காலி ஓட்டம் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். மின்மயம் ஆன பாதை என்பதால் பூஜ்யம் என்று சொன்னால் ஏற்க வேண்டாம். கிரிட்டில் நிலக்கரி மின்சாரம்தான் அதிகம்.

புது வேகன் வாங்கினால் இரும்பும் கணக்கில் வர வேண்டும். இந்தியாவில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2.5 டன் கார்பன் டை ஆக்சைடு. 25 டன் வேகனுக்கு 60 டன்னுக்கு மேல். இதை ஸ்கோப் 3-இன் வகை 2-இல் (வாங்கிய மூலதனப் பொருள்கள்), வாங்கிய ஆண்டிலேயே முழுதாகக் காட்டுவதுதான் முறை. தேய்மானம் போல ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடக் கூடாது. (சொத்தின் பலனும் பொறுப்பும் பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்தவருக்கே போகும் ஃபைனான்ஸ் லீஸில் சொத்து யார் கணக்கில் நிற்கிறது என்பதைத் தனியாகக் கேளுங்கள்.)

வாக்குறுதியைப் பொறுத்தவரை, 2050 என்ற எண் மட்டும் போதாது. கம்பெனிகளின் கார்பன் இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்.பி.டி.ஐ. என்ற அமைப்பின் ஒப்புதல் பெற்ற இலக்கு என்றால் 5 முதல் 10 ஆண்டுக்கான கிட்ட இலக்கும் இருக்கும். ஸ்கோப் 3 மொத்தத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போனால் அதற்கும் இலக்கு வைத்தாக வேண்டும். 'ஒரு வேகனுக்கு இவ்வளவு' என்று மட்டும் இலக்கு வைத்தால், வேகன் பெருகப் பெருக மொத்தப் புகை கூடிக்கொண்டே போகலாம். மொத்த டன் கணக்கையும் அடிப்படை ஆண்டையும் (எந்த ஆண்டோடு ஒப்பிட்டுக் குறைப்பை அளக்கிறார்கள் என்பதையும்) முதலீட்டாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் வாங்குங்கள்.