மறுபடியும் டிஜே ஆசை: 2.35 லட்சம் ரூபாய் போடலாமா?

கேள்வி: வயது 38, கோவையில் ஐடி வேலை. 2008 முதல் நான்கைந்து ஆண்டுகள் கல்லூரி விழாக்களிலும் நண்பர்களின் கல்யாண வரவேற்புகளிலும் டிஜே செய்திருக்கிறேன். எல்லாம் வாடகை சிடிஜே (டிஜேக்களுக்கான சிடி பிளேயர்), பை நிறைய எரித்த சிடிக்கள் என்று இருந்த காலம். கல்யாணம், குழந்தைகள் என்று ஆனபின் விட்டுப்போனது. இப்போது வீட்டிலேயே மறுபடி தொடங்க ஆசை. கையில் வரும் சம்பளம் 92,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 34,000, வீட்டுச் செலவும் பள்ளிக் கட்டணமும் 36,000, எஸ்ஐபி 10,000. அவசர நிதியாக 1.20 லட்சம் வைத்திருக்கிறேன். மார்ச்சில் போனஸ் 1.40 லட்சம் வரும். லேப்டாப் இல்லாமலே வாசிக்கும் பயோனியர் எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்3 கருவி கடையில் விலை 2.35 லட்சம், 24 மாத நோ-காஸ்ட் இஎம்ஐ உண்டு, மொத்தமாகக் கொடுத்தால் 2.20 லட்சம் என்கிறார்கள். லேப்டாப்போடு இணைத்து வாசிக்கும் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கண்ட்ரோலர் 31,000. நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய டெக்னிக்ஸ் டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) ஜோடியை 1.10 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்? வார இறுதிகளில் கல்யாண நிகழ்ச்சிகள் செய்தால் போட்ட பணம் வந்துவிடும் என்று நினைக்கிறேன். சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: 31,000 ரூபாய் கண்ட்ரோலரை வாங்குங்கள். போனஸ் வந்தபிறகு, முழுப் பணமும் கொடுத்து வாங்குங்கள். ஆர்எக்ஸ்3 நல்ல கருவி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் வீட்டில் இப்போது அதற்கான பணமும் இல்லை, அதைவிட முக்கியமாக அதற்கான நேரமும் இல்லை என்பதுதான் என் கணக்கு.

முதலில் அந்த நோ-காஸ்ட் இஎம்ஐயைப் பார்ப்போம். 2.35 லட்சத்தை 24ஆல் வகுத்தால் மாதம் 9,792 ரூபாய். சம்பளத்தில் எல்லாம் போக உங்களுக்கு மிஞ்சுவது 12,000. இஎம்ஐ கட்டினால் 2,200 ரூபாய்தான் கையில் நிற்கும். ஒரு டயர் மாற்றினாலோ குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ கிரெடிட் கார்டைத் தேட வேண்டியதுதான். சரி, வட்டியாவது இல்லையே என்பீர்கள். வட்டி உண்டு. சுழி சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. நடைமுறை இப்படி: வங்கி 15 சதவீத வட்டி போடுகிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் கடன் ஏறக்குறைய 2.02 லட்சம், வட்டி 33,000. இந்த வட்டி அளவுக்குக் கடைக்காரர் விலையைக் குறைத்துக் கணக்கைச் சரிசெய்கிறார். ஆனால் அந்த வட்டியின்மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 5,950 ரூபாய், உங்கள் தலையில் விழும். கூடவே ரொக்கத் தள்ளுபடி 15,000 கைவிட்டுப் போகிறது. ஆக, வட்டியே இல்லாத கடனுக்கு நீங்கள் தருவது 21,000 ரூபாய்க்குப் பக்கம். பிராசஸிங் கட்டணம் தனி.

அடுத்தது, விருப்பம் குறைந்துபோனால் என்ன ஆகும் என்ற கேள்வி. பத்துப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருபவர்களில் சிலர் முழு வேகத்தில் தொடர்வார்கள், சிலர் மூன்றாவது மாதமே துணி போட்டு மூடிவைப்பார்கள். நீங்கள் எந்த ரகம் என்று இன்று உங்களுக்கே தெரியாது. ஆர்எக்ஸ்3-ஐ ஒரு வருடம் கழித்து ரொக்க விலையில் நான்கில் ஒரு பங்கு குறைத்து விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 55,000 போச்சு. கண்ட்ரோலரை அப்படியே தூக்கிப் போட்டால்கூட உங்கள் நஷ்டம் 31,000தான்! பெரிய கருவியை விற்பதில் வரும் நஷ்டமே சின்னக் கருவியின் முழு விலையைத் தாண்டுகிறது. கடையில் நின்று ஒப்பிடும்போது இந்தக் கணக்கு யாருக்கும் தோன்றுவதில்லை.

நேரத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். ஐடி வேலை, இரவு நேர ஃபோன் கால்கள், குழந்தைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் போக வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். ஆண்டுக்கு 100 மணி நேரம். முதல் ஆண்டில் ஆர்எக்ஸ்3-இன் மதிப்பிழப்பு 55,000, தவணைச் செலவு 21,000. மணிக்கு 760 ரூபாய். கண்ட்ரோலரைப் பாதி விலைக்கு விற்றாலும் மணிக்கு 155 ரூபாய்தான். வாரம் பத்து மணி நேரம் வாசிக்கிற ஆள் என்றால் கணக்கு வேறு மாதிரி வரும். அது நிஜமாகவே நடக்கும்போது மறுபடி எழுதுங்கள், வேறு பதில் சொல்கிறேன்.

31,000 ரூபாய்க் கருவியில் என்ன குறை என்றும் சொல்லிவிடுகிறேன். சிடிஜே தொட்ட கைக்கு அதன் ஜாக் வீல் (பாட்டைக் கையால் நகர்த்தும் வட்டு) சின்னதாக, கொஞ்சம் பொம்மை மாதிரித் தெரியும். பாட்டின் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரின் நீளம் குறைவு. திரை கிடையாது, லேப்டாப்பைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு ஆர்சிஏ (வீட்டு ஆடியோ கருவிகளின் சிவப்பு, வெள்ளைத் துளைகள்) ஜோடிதான். ஆர்எக்ஸ்3-இல் பெரிய ஜாக் வீல், பெரிய தொடுதிரை, பெரிய ஒலி அமைப்போடு இணைக்கும் எக்ஸ்எல்ஆர் அவுட், டிஜேயின் பக்கத்து ஸ்பீக்கருக்குத் தனி பூத் அவுட் எல்லாம் உண்டு. ஆனால் எக்ஸ்எல்ஆரும் பூத் அவுட்டும் மண்டபத்துக்கு வேண்டியவை, படுக்கையறைக்கு அல்ல. ஒரே நேரத்தில் கலக்கக்கூடிய பாட்டுகளின் (சேனல்) எண்ணிக்கை இரண்டிலும் இரண்டேதான்.

நீங்கள் விட்டுப்போன காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய மாற்றம் கருவியில் இல்லை, பாட்டுகளைத் தயார்செய்வதில் இருக்கிறது. அப்போது சிடி எரித்தீர்கள். இப்போது ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் ஒவ்வொரு பாட்டுக்கும் பீட் கிரிட் (தாளத் தட்டுகள் விழும் இடங்களின் கட்டம்) சரிபார்த்து, க்யூ புள்ளிகள் (பாட்டில் தாவ வேண்டிய இடக் குறிகள்) வைத்து, பிளேலிஸ்ட் கட்டி, பென் டிரைவில் ஏற்ற வேண்டும். எஃப்எல்எக்ஸ்4-ஐ இணைத்தாலே அந்த மென்பொருளில் வாசிக்கும் வசதி இலவசமாகத் திறந்துகொள்ளும். அதில் நீங்கள் கட்டிய தொகுப்பை அப்படியே பென் டிரைவில் எடுத்துப்போய் கிளப்பில் இருக்கும் சிடிஜேயில் செருகி வாசிக்கலாம். அதாவது முதல் ஆறு மாத உழைப்பில் பெரும்பகுதி, நாளை எந்தப் பெரிய கருவி வாங்கினாலும் கூடவே வரும். நம் பாட்டுகளுக்கு இந்த வேலை இன்னும் அதிகம். 80களின் பாடல்கள் பல ஆட்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை, வேகம் லேசாக ஏறி இறங்கும். ஆறு-எட்டு நடையில் போகும் குத்துப் பாட்டில் கிரிட் தடுமாறும். இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டன் அங்கே கைவிட்டுவிடும், உங்கள் பழைய காதுதான் காப்பாற்றும். அந்தக் காதைத் தீட்ட 2 லட்ச ரூபாய் தேவையில்லை.

இடையில் ஒரு தகவல். பயோனியரின் டிஜே பிரிவு 2015-லேயே தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்துவிட்டது. 2020 முதல் அதன் நிறுவனப் பெயர் ஆல்ஃபாதீட்டா. புதிய கருவிகள் சில அந்தப் பெயரிலேயே வருகின்றன. கடையில் பார்த்து டூப்ளிகேட் என்று பயந்துவிடாதீர்கள்.

லேப்டாப்பைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. வீட்டில் இருப்பது அலுவலக லேப்டாப் மட்டும்தான் என்றால் இப்போதே கவனியுங்கள். பல நிறுவனங்கள் அதில் வெளி மென்பொருள் ஏற்ற விடாது, விட்டாலும் ஏற்றாமல் இருப்பது நல்லது. சொந்த லேப்டாப் இருந்தால், கருவி வாங்கும் முன்பே ரெகார்ட்பாக்ஸை இலவசமாக இறக்கி, 50 பாட்டை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். திக்கித் திணறினால் பட்ஜெட்டையே மாற்ற வேண்டியிருக்கும். எஃப்எல்எக்ஸ்4 ப்ளூடூத் வழியாக ஃபோன், டேப்லெட்டோடும் வேலை செய்யும் என்பதால் தற்காலிகமாக அப்படியும் சமாளிக்கலாம்.

ஸ்பீக்கருக்கு இப்போது பணம் போடாதீர்கள். வீட்டில் ஆர்சிஏ அல்லது ஆக்ஸ் இன்புட் உள்ள பழைய ஹோம் தியேட்டர் இருந்தால் போதும். ப்ளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். ஒலி தாமதமாக வரும், பீட் மேட்ச் (இரண்டு பாட்டின் தாளத்தைப் பொருத்துவது) செய்யவே முடியாது. அதற்குப் பதில் நல்ல ஒயர் ஹெட்ஃபோனுக்கு 7,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள். குழந்தைகள் தூங்கியபிறகுதான் உங்களுக்கு நேரம் கிடைக்கும், அப்போது மேல்வீட்டுக்காரரும் தூங்கிக்கொண்டிருப்பார். உங்கள் வாசிப்பில் பெரும்பகுதி காதுக்குள்தான் நடக்கப்போகிறது.

சத்தமில்லாமல் பணம் கரையும் இடம் சந்தாக்கள். பாட்டுக்கு ஒரு ஸ்ட்ரீமிங், மென்பொருளுக்கு ஒரு மேல்நிலைத் திட்டம், ரீமிக்ஸ் தரும் தளத்துக்கு ஒன்று என்று தொடங்கும். மாதம் 900 ரூபாய் சந்தா ஒன்று ஆண்டுக்கு 10,800. மூன்று சேர்ந்தால் ஒரு புதுக் கண்ட்ரோலரின் விலை! டாலரில் கட்டினால் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேரும். தவிர, ஸ்ட்ரீமிங்கை நம்பித் தொகுப்பு கட்டுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 2020 ஜூலையில் ஸ்பாட்டிஃபை டிஜே மென்பொருள்களிலிருந்து வெளியேறியபோது, அதை நம்பியிருந்தவர்களின் பிளேலிஸ்ட்கள் அங்கே பயனில்லாமல் போயின. 2025-இல் அது திரும்பி வந்துவிட்டது என்பது வேறு கதை. அடிக்கடி வாசிக்கிற பாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுக்கு 5,000 ரூபாய் போதும்.

டர்ன்டேபிளுக்கு வருவோம். பணக் கணக்காக மட்டும் பார்த்தால், உங்கள் பட்டியலில் மதிப்பு அதிகம் இறங்காத பொருள் அதுதான். டெக்னிக்ஸின் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் 1979-இல் வந்தது, இன்றும் உலகமெங்கும் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் நீங்கள் பழகியது சிடியில். டர்ன்டேபிள் ஜோடி வாங்கினால் பாட்டுகளைக் கலக்கும் மிக்சர், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ், தேய்ந்தால் மாற்ற ஊசி, கணினிப் பாட்டை அதில் வாசிக்க வேண்டுமானால் கண்ட்ரோல் வினைல், கட்டண மென்பொருள் என்று 1.10 லட்சம் எங்கேயோ போய் நிற்கும். வினைல் தட்டாகவே வாங்கி வாசிப்பதென்றால் நம் பாட்டுகள் கிடைப்பதும் அரிது, விலையும் கூடுதல். நண்பரிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஸ்கிராட்ச் (தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து ஒலி எழுப்புவது) பழக ஆசை வந்தால் அப்புறம் கேட்கலாம்.

இனி போனஸ். மாதம் கட்டாயச் செலவு 70,000 இருக்கும் வீட்டில் 1.20 லட்சம் அவசர நிதி என்பது இரண்டு மாதம்கூடத் தாங்காது. ஐடி துறையில் இருக்கும் உங்களுக்கு அது பெரிய ஓட்டை. போனஸில் 90,000 அங்கே போகட்டும், மூன்று மாதத்துக்கான பணம் சேர்ந்துவிடும். மீதி 50,000தான் உங்கள் டிஜே பட்ஜெட்: கருவி 31,000, ஹெட்ஃபோன் 7,000, பாட்டு 5,000, கேபிள், ஸ்டாண்ட் போன்ற சில்லறைக்கு மிச்சம். மாதம் மிஞ்சும் 12,000-இல் 8,000 அவசர நிதிக்கு, ஆறு மாதச் செலவு அளவு வரும்வரை. அதற்கு இரண்டு ஆண்டும் சொச்சமும் ஆகும். 4,000 தனி ஆர்டியில் போடுங்கள், அது அடுத்த கருவிக்கு. இரண்டு ஆண்டில் வட்டி இல்லாமலே 96,000. எஸ்ஐபியில் கை வைக்க வேண்டாம்.

ஜிஎஸ்டி பில்லோடு, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்தால் கொஞ்சம் மிச்சமாகலாம், ஆனால் இங்கே வாரண்டி கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் செலவைக் குறைக்க நினைத்தால் எஃப்எல்எக்ஸ்4-க்கு முந்தைய டிடிஜே-400-ஐப் பழையதாக வாங்கலாம், 2018-இல் வந்த நல்ல கருவி. நேரில் போய் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். கிராஸ்ஃபேடரை (ஒரு பாட்டிலிருந்து மற்றதற்கு மாற்றும் நெம்பு) ஒரு ஓரத்துக்குத் தள்ளினால் மறுபக்கப் பாட்டு கசிகிறதா, ப்ளே, க்யூ பட்டன்கள் ஒரே தட்டில் பிடிக்கின்றனவா, யுஎஸ்பி துளை ஆடுகிறதா, ஹெட்ஃபோன் ஜாக்கில் இரண்டு காதிலும் கேட்கிறதா என்று பாருங்கள்.

கல்யாண நிகழ்ச்சி வருமானத்தை நம்பிக் கடன் வாங்குவதுதான் உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காத பகுதி. பத்து ஆண்டுக்கும் மேலாக மேடை ஏறாதவருக்கு முதல் வாய்ப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, இஎம்ஐ மட்டும் அடுத்த மாதமே வந்துவிடும். அப்படியே வாய்ப்பு வந்தாலும் கருவி உங்களுடையதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் அந்தக் காலத்தில் செய்ததுபோலவே வாடகைக்கு எடுங்கள், வாடகையைக் கூலியோடு சேர்த்துக் கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு நிகழ்ச்சி செய்து, வாடகையாக மட்டும் எவ்வளவு போயிற்று என்று கையில் கணக்கு இருக்கும்போது பெரிய கருவி வாங்கலாமா என்று முடிவெடுங்கள். வருமானம் தொடங்கும் முன் இரண்டு வேலை பாக்கி. பக்கத் தொழில் செய்ய உங்கள் வேலை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று படித்துப் பார்த்து, தேவையென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அப்புறம், இது தொழில் வருமானம் என்பதால் அந்த ஆண்டிலிருந்து ஐடிஆர்-1 வருமானவரிப் படிவம் பொருந்தாது. நிகழ்ச்சிப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, வாடகை, போக்குவரத்து ரசீதுகளை எடுத்து வையுங்கள். கழிக்கக்கூடிய செலவுகளை உங்கள் ஆடிட்டர் பார்த்துச் சொல்வார்.