பைப்பில் பிடிக்கும் வெள்ளைப் படிவுக்கு

தங்கச்சி, உப்புவெளியில் கிணற்றுத் தண்ணி, பைப்பெல்லாம் வெள்ளைப் படிவு, வினாகிரியும் அப்பச்சோடாவும் கலந்து தேய்த்தும் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கலந்ததுதான் பிரச்சினை. ஒன்று அமிலம், மற்றது காரம். நுரைத்து அடங்கியதும் இரண்டின் வேலையும் தீர்ந்துவிடும். பார்க்க மட்டும் நல்லாத்தான் இருக்கும்!

அந்தப் படிவு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அமிலம்தான் அதைக் கரைக்கும். வினாகிரியைத் தண்ணி சேர்க்காமல் பழந்துணியில் நனைத்து, பைப்பின் வாயைச் சுற்றிக் கட்டி ஒரு மணித்தியாலம் விடுங்கள். சின்னச் சின்னக் குமிழி வந்தால் கரைகிறது என்று அர்த்தம். அப்புறம் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். தடித்த இடத்துக்கு இரண்டாம் தரமும் கட்ட வேண்டிவரும். தேசிக்காய்ப் பாதியும் சரிதான், ஆனால் விலை ஏறும் காலத்தில் அதைச் சொதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சீமெந்துத் தரை, மாபிள் பக்கம் வினாகிரி வேண்டாம், அரித்துவிடும். கழிவறைக்கு ஊற்றும் குளோரின் பிளீச்சோடு சேரவே விடாதீர்கள், நச்சு வாயு வரும். மிச்ச அப்பச்சோடாவை ஈரத்துணியில் தொட்டு, குசினி அடுப்பின் எண்ணெய்ப் பிசுக்கைத் தேயுங்கள்.