பத்மநாபபுரமும் பொதிச்சோறும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எட்டுப் பேர் சேர்ந்து பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கப் போகிறோம். சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் உண்டு. மதியச் சாப்பாட்டை எந்த நேரத்தில், எங்கே வைத்துக்கொள்வது? (மார்த்தாண்டம் வாசகி)

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். காலை 9 முதல் 1 வரை, பிறகு 2 முதல் 4.30 வரை, நடுவில் ஒரு மணி நேரம் அடைப்பு. திங்கள்கிழமை திறப்பதே இல்லை. 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. அதனால் பண்டிகை நாள் என்றால் அந்தப் பக்கத்து விடுமுறையையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பலரும் 12 மணிக்கு வந்து இறங்கி, பாதி பார்ப்பதற்குள் வெளியே வரவேண்டியதாகிறது. நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். பூமுகம் எனும் முகப்புக் கூடத்து மச்சில் செதுக்கிய 90 வகைப் பூக்களை வயிறு இரையும்போது யார் பார்ப்பார்கள்? 9.30-க்கு நுழைந்தால் 12-க்குள் வெளியே வரலாம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். படிகள் செங்குத்து, வாசல் நிலைகள் தாழ்வு. பெரியவர்களுக்குக் கைப்பிடிக்க ஓர் ஆள் வேண்டும். சோற்று மூட்டையை வண்டியிலேயே விட்டுச் செல்லுங்கள். பழைய மரமும் மெழுகினாற்போல் மின்னும் கருந்தரையும் உள்ள இடம். ஒரு பருக்கை விழுந்தாலும் எறும்பு வரும்.

சாப்பிட இரண்டு இடம் சொல்லலாம். பக்கத்தில் வேண்டுமானால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக்கோட்டை; தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையிலேயே இருக்கிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான, டச்சுப் படையைச் சேர்ந்த டி லனாயின் கல்லறை உள்ளே உண்டு. நிழல் தாராளம். வனத்துறைப் பொறுப்பில் உள்ள இடம் என்பதால் எங்கே உட்காரலாம் என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் எதுவும் கொண்டுபோக வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஓட்டத் தயார் என்றால், திருவட்டாறு தாண்டி பாசன நீரைச் சுமந்து செல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடிவாரம்.

கேள்வி: போன தடவை வாழையிலையில் பொதிச்சோறு கட்டினோம். இலை கிழிந்தது, சோறு நசநசத்தது, சம்மந்தி (தேங்காய்த் துவையல்) புளித்துவிட்டது. எங்கே பிழை? (தக்கலை வாசகி)

பதில்: மூன்றுக்கும் காரணம் ஈரம். இலையிலிருந்து தொடங்குவோம். குருத்து இலை வேண்டாம், முற்றியதும் வேண்டாம்; இரண்டுக்கும் நடுவில் ஒன்று. முதுகுப்பக்கத்து நடுநரம்பைக் கத்தியால் சீவி மட்டமாக்குங்கள். பிறகு தணலில் மெல்ல நகர்த்தி வாட்டுங்கள். வெளிர்பச்சை கருத்து மினுமினுக்கும். அந்த நொடியே எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் ஓட்டை. சரியாக வாட்டிய இலை துணிபோல மடங்கும். கட்டும் வாழைநாரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டால் முடிச்சில் அறாது.

எட்டுப் பேருக்கு ஒரு கிலோ சம்பா புழுங்கலரிசி போதும். குக்கர் வேண்டாம், வடித்த சோறுதான் உதிரியாக நிற்கும். வடித்ததும் அகலத் தட்டில் பரப்பிக் கால் மணி நேரம் ஆவி போக விடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கட்டினால் ஆவி இலைக்குள் தண்ணீராக இறங்கும், நசநசப்பு அதனால்தான். கை பொறுக்கும் சூட்டில் கட்டினால் இலை வாசமும் ஏறும். ஏழரைக்குக் கட்டியதை ஒன்றுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதற்குமேல் வைத்த சோற்றில் கெட்ட வாடை இல்லை என்பதற்காக நல்லது என்று எண்ண வேண்டாம்.

சம்மந்திக்கு ஒரு தேங்காய், ஆறு வற்றல் மிளகாய், எட்டு சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), நெல்லிக்காயளவு புளி, சிறு துண்டு இஞ்சி, உப்பு. துருவலை ஈரம் வற்றும்வரை வெறும் சட்டியில் வறுங்கள்; நிறம் மாற வேண்டியதில்லை. உள்ளியையும் வதக்குங்கள். தண்ணீர் ஒரு துளியும் விடாமல் அரைத்து உருண்டை பிடியுங்கள். பச்சைத் தேங்காயும் தண்ணீரும் பச்சை உள்ளியும் சேர்ந்தால் உச்சிவெயிலில் சம்மந்தி தாங்காது.

பயறுத் துவரனை (தேங்காய் சேர்த்த பொரியல்) கடைசியில் மூடியில்லாமல் கிளறி நீர் வற்ற வையுங்கள். பொரித்த மீன் முழுக்க ஆறியபின் தனிச் சின்ன இலையில். குழம்பு வேண்டுமென்றால் தீயல் கொண்டுபோங்கள், தனித் தூக்கில். கருக வறுத்த தேங்காயும் புளியும் இருப்பதால் மற்றக் குழம்புகளைவிடத் தாங்கும். மோர்க்குழம்பு வகையான புளிசேரியை வீட்டிலேயே விட்டுவிடலாம். அச்சடித்த செய்தித்தாளில் பொதியைச் சுற்றாதீர்கள், மை நல்லதல்ல. பொதிகளை மூன்று அடுக்குக்குமேல் வைத்தால் அடியில் உள்ளது களியாகும். டிக்கியில் வைக்காமல் இருக்கைக்கு அடியில், நிழலில் வையுங்கள்.

கேள்வி: குழந்தைக்குத் தயிர்ச்சோறு. மதியம் புளிக்காமல் இருக்க? (களியக்காவிளை வாசகர்)

பதில்: தயிரை ஊற்றிப் பிசையாதீர்கள், சோற்றிலேயே பாலை உறைய விடுங்கள். ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்து மசித்து, விரல் பொறுக்கும் சூட்டில் காய்ச்சி ஆறிய பால் இரண்டு டம்ளர், தயிர் ஒரே ஒரு தேக்கரண்டி. ஏழு மணிக்குக் கலந்தால் பன்னிரண்டரைக்கு இளம் தயிர்ச்சோறு. சூடு அதிகமானால் உறை செத்துவிடும். தயிர் அதிகமானால் புளிக்கும். வெள்ளரியைத் தனியாக எடுத்துப்போங்கள், கலந்தால் நீர் விடும். கூடவே மட்டிப்பழம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்ப் பழம். தோல் மெல்லிசு, பையின் மேலே வையுங்கள்.

கேள்வி: அரண்மனை ஊட்டுபுரையில் (உணவுக்கூடத்தில்) இப்போதும் பந்தி நடக்கிறதா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இல்லை, பார்க்க மட்டும்தான். மேலும் கீழுமாக ஒரே நேரத்தில் ஈராயிரம் பேர் உட்கார்ந்த கூடம் என்பார்கள். ஊறுகாய் போட்டுவைத்த பெரிய சாடிகளைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: சமைக்க முடியாதவர்கள் கடையில் சாப்பிடலாமா? (பாறசாலை வாசகி)

பதில்: தாராளமாக. தக்கலையில் இரண்டு வகைச் சோறும் கிடைக்கும். சிவப்புச் சம்பாவா, வெள்ளையா என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் இஷ்டம். பன்னிரண்டரைக்குள் போங்கள். மீன்குழம்பில் துண்டு தீர்ந்து சாறு மட்டும் மிஞ்சுவது இரண்டு மணிக்குத்தான். நவராத்திரிக்கு முன் வேளிமலை முருகனும் சரஸ்வதி அம்மனும் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் புறப்படும் நாளில் அந்தச் சாலையில் வண்டி நகராது. அன்று கடையை நம்ப வேண்டாம், பொதி கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாத்தூரில் சாப்பிட்டுவிட்டுப் பாலம் ஏறலாமா? (குலசேகரம் வாசகர்)

பதில்: ஏறிவிட்டுச் சாப்பிடுவதே மேல். 1966-இல் கட்டிய பாலம், 28 தூண்கள். மேலே நடைபாதை குறுகல், காற்று பலமாக இருக்கும், வெயில் நேரே இறங்கும். கீழே விரிக்கும்போதும் இலையின் நான்கு மூலையிலும் கல் வைக்க மறக்காதீர்கள். கைகழுவத் தண்ணீர் வீட்டிலிருந்தே வரட்டும், ஆளுக்கு அரை லிட்டர். மழைக்குப்பின் கீழே ஓடும் பறளியாற்றில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். எச்சில் இலையையும் நாரையும் அதே பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.