அல்லேலூயாவுக்கு எழுந்து நிற்க வேண்டுமா?

பாடகர் குழுக்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: டிசம்பர் மூன்றாம் ஞாயிறு எங்கள் ஆலயத்தில் கேரல் ஆராதனை. அதற்கு முந்தின வாரமே கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிடுவதால், ஆராதனை அன்று பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம் ஐயா?
– ஒரு வாசகர், நாசரேத்

பதில்: கட்டாமல் என்ன செய்யும்? ராத்திரி பத்து மணிக்கு வேனில் ஏறி, பனியில் நின்று, டிரம் சத்தத்துக்கு மேலே கத்திவிட்டு, வீட்டுக்கு வீடு முறுக்கும் கூல்டிரிங்ஸும் சாப்பிடுகிறீர்கள். மறுநாள் ஒத்திகையில் “சார், மேலே எட்டல” என்றால் எப்படி எட்டும்?

ரவுண்ட்ஸை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வெளியே நடமாட முடியாத பெரியவர்கள் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முடிந்தால் ஆராதனையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், ரவுண்ட்ஸ் அப்புறம். குருவானவர் தேதியை மாற்ற ஒத்துக்கொள்ளாவிட்டால், தெருவில் வாலிபர் சங்கத்தார் முன்னால் நிற்கட்டும். தனிக்குரல் பாடுகிறவர்கள் பின்னால் நின்று கைதட்டினால் போதும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் சும்மா இல்லை. தெருவில் பாடும்போது சுருதியை ஒன்றிரண்டு படி இறக்கிக்கொள்ளுங்கள்.

உண்மையில் தொண்டை கெடுவது ரவுண்ட்ஸில் மட்டும் அல்ல. புதுப் பாட்டுகளை டஜன் கணக்கில் எடுத்துக்கொண்டு, டிசம்பர் பிறந்த பிறகு தினமும் ரெண்டு மணி நேரம் முட்டி மோதுகிறோமே, அங்கேயும்தான். நாலு புதுப் பாட்டு தாராளம். அந்த நாலையும் செப்டம்பரிலேயே சோல்பாவில் (டோ-ரே-மி என்று சுரம் சொல்லிப் பாடும் முறை) தொடங்கிவிட வேண்டும். முதலில் ஆல்ட்டோவுக்கு (பெண்களின் தாழ்ந்த குரல்) சொல்லிக்கொடுங்கள். மெட்டு காதில் ஏறிய பிறகு ஆல்ட்டோவைப் பழக்கினால், பாதிப் பேர் மெட்டைப் பாடும் உயர்ந்த குரலான சோப்ரானோவோடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்; திருப்பிக் கொண்டுவர ஒரு மாசம் ஆகும்.

கேள்வி: ஒன்பது வேதபாடங்களும் கீதங்களும் என்ற ஆராதனை கேம்பிரிட்ஜில் தொடங்கியதா? முதல் பாட்டை ஒரு பையன்தான் பாட வேண்டுமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கேம்பிரிட்ஜ் அதை உலகத்துக்குத் தெரியப்படுத்தியது. தொடங்கியது கார்ன்வாலில் உள்ள ட்ரூரோ என்ற ஊரில். 1880 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பிஷப் எட்வர்ட் வைட் பென்சன் நடத்தினார். பேராலயம் அப்போது கட்டி முடியவில்லை, மரக்கொட்டகையில்தான் பாடினார்கள். கொட்டகைக் கோயிலில் பாடுகிற நம் கிராமத்துக் குழுக்கள் கவனிக்க! 1918இல், முதல் உலகப்போர் முடிந்த அடுத்த மாதம், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் சிற்றாலயத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் எரிக் மில்னர்-வைட். போரில் படைக்குப் போதகராக இருந்துவிட்டு வந்தவர். பிபிசி வானொலி 1928 முதல் ஒலிபரப்புகிறது; 1930இல் மட்டும் விட்டுப்போனது.

பையன் பாடுவது கிங்ஸ் கல்லூரி வழக்கம், சட்டம் இல்லை. “ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி”யின் முதல் சரணத்துக்கு அங்கே சில பையன்களைத் தயார்செய்து வைத்திருப்பார்கள். ஒலிபரப்பு தொடங்கும் நேரத்தில்தான் நடத்துநர் ஒருவனைக் கைகாட்டுவார். முன்கூட்டியே தெரிந்து நடுங்க வேண்டாம் பாருங்கள். நம் ஊரில் அப்படிச் செய்தால் மறுநாளே கமிட்டிக்கு மனு போய்விடும். உங்கள் சபையில் ஒரு சிறுமி பாடட்டும், நல்ல குரலுள்ள ஒரு அம்மா பாடட்டும். ஆனால் அந்தச் சரணத்துக்கு ஆர்கன் துணை கிடையாது. சுருதி இறங்கியிருந்தால், பிறகு ஆர்கன் சேரும் இடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் குரலின் இனிமையைவிடச் சுருதி நிற்கிறதா என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஹேண்டலின் அல்லேலூயா பாடும்போது எழுந்து நிற்காதவர்களைச் சிலர் முறைக்கிறார்கள். நிற்க வேண்டுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: லண்டனில் ‘மெசையா’ (அல்லேலூயா வருகிற, ஹேண்டலின் பெரிய இசைப்படைப்பு) நடந்தபோது இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்தார், அதனால் எல்லாரும் எழுந்தார்கள் என்பது கதை. லண்டனில் அது முதலில் நடந்தது 1743இல். இந்தக் கதையைச் சொல்லும் பழைய ஆதாரம் ஜேம்ஸ் பீட்டி என்பவர் 1780இல் எழுதிய கடிதம். அவரும் கேள்விப்பட்டதாகத்தான் எழுதுகிறார். முட்டுவலி உள்ளவர்கள் நிம்மதியாக உட்காரலாம்.

நிற்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: சீக்கிரம் நின்றுவிடுங்கள். முன்னிசை மூன்றே மூன்று பார் (தாளக் கட்டம்). நாற்காலி இழுக்கிற சத்தத்தில் முதல் அல்லேலூயா அடிபட்டுப்போகிறது. குழுவுக்கு ஒன்று: கடைசி அல்லேலூயாவுக்கு முன்னால் திடீரென்று ஒரு மௌனம் வரும். அங்கே ஒருவர் தனியாகக் குரல் கொடுத்து மாட்டிக்கொள்வார், எல்லா ஊரிலும். பெரும்பாலும் நன்றாகப் பாடத் தெரிந்தவர்தான். தாளைப் பார்க்க மாட்டார்.

இன்னொரு விஷயம், இது கிறிஸ்துமஸ் பாட்டே அல்ல. இரண்டாம் பாகத்தின் முடிவில், பாடுகளும் உயிர்த்தெழுதலும் வந்த பிறகு வருவது. 1742இல் டப்ளினில் முதலில் பாடியதும் ஏப்ரலில்தான். டிசம்பர் சுமையில் இதை இறக்கிவிட்டு ஈஸ்டருக்கு எடுத்தால், சோப்ரானோக்கள் ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ என்று படிப்படியாக ஏறும் இடத்தில் குரல் மிச்சம் இருக்கும்.

கேள்வி: தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை நாலு குரலில் பாடலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: எனக்கு மனசில்லை. உங்கள் ஊர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ராகமும் தாளமும் வைத்து எழுதியவர். ராகத்தின் வளைவுகளுக்குக் கீழே கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) போட்டால் வளைவு நேர்கோடாகிவிடும். சங்கராபரணம் ஓரளவு தப்பிக்கும். தோடியைத் தொட வேண்டாம். கேரல் ஆராதனையின் நடுவே ஒரு கீர்த்தனை வையுங்கள், வயலினும் மிருதங்கமும் போதும். பல்லவியைச் சபையிடம் விட்டுவிடுங்கள். வயதான அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் டெனார் (ஆண்களின் உயர்ந்த குரல்) ஒருவர்தான். சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: மூன்று குரலுக்கு எழுதிய பாட்டுகளை எடுங்கள். இல்லையென்றால், கனத்த குரலுள்ள ஆல்ட்டோ இரண்டு பேரை அவர் பக்கத்தில் நிறுத்துங்கள். எதற்கும், கேரல் ஆராதனை அன்று அவர் சொந்தத்தில் கல்யாணம் ஏதும் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.