பன்னிரண்டு வயதில் ஒரு நாவல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். தாயுடன் பாசி எடுக்கப் போகும் என் மாணவி ஒருத்தி, பதினொரு வயதில், ஆளில்லாத தீவில் தனியே வாழப் போகும் பெண்ணின் கதையை மூன்று நோட்டுகளில் எழுதியிருக்கிறாள். அதைப் புத்தகமாக்க நண்பர்கள் முன்வருகிறார்கள். சிறுவயதிலேயே நாவல் எழுதிப் புகழ்பெற்ற பார்பரா ஃபோலெட்டைப் பற்றி நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள்; அவருடைய முடிவை நினைத்துத் தயங்குகிறேன். இளமையில் வந்த புகழ்தானே அவரை அழித்தது?

ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புகழ் அழித்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 1914-இல் அமெரிக்காவில் பிறந்த பார்பரா எட்டு வயதில் எழுதத் தொடங்கியதும் இத்தகைய கதைதான்: ஈப்பர்சிப் என்னும் சிறுமி வீட்டைத் துறந்து புல்வெளியிலும் கடலோரத்திலும் மலையிலும் வாழப் போகிறாள். வீடு தீப்பற்றியபோது அந்தக் கைப்பிரதி சாம்பலாயிற்று. நினைவிலிருந்து மீண்டும் எழுதி, திருத்தித் திருத்தி அவர் முடித்த 'சன்னல்களில்லாத வீடு' 1927-இல் அச்சானபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. எட்டு வயதில் எழுதியதை எல்லோரும் வியக்கிறார்கள்; எரிந்த பிறகும் அந்தக் குழந்தை மறுபடி உட்கார்ந்ததையே நான் வியக்கிறேன்.

மரம் ஏற்றும் பாய்க்கப்பலில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்ற அனுபவத்திலிருந்து பிறந்த இரண்டாம் நூல் 1928-இல் வந்தது. (பாய் விரித்தோடிய தோணிகளை நினைவில் வைத்திருக்கும் கீழக்கரைப் பெரியவர் எவருக்காவது அதை வாசித்துக் காட்ட எனக்கு ஆசை.) அதே ஆண்டில் தந்தை வில்சன் ஃபோலெட் வேறொரு பெண்ணுக்காகக் குடும்பத்தைவிட்டுப் போனார். பதிப்பகத்தில் பணிபுரிந்தவரும், மகளின் பக்கங்களை வரிவரியாகப் படித்தவரும் அவரே. பதினாறு வயதில், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, பார்பரா நியூயார்க்கில் அலுவலக வேலைக்குப் போனார். எழுதுவதை அவர் விடவில்லை. ஆனால் பின்னர் எழுதிய நாவல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1939 டிசம்பர் 7 அன்று, மணவாழ்வு கசந்திருந்த நாட்களில், 30 டாலருடன், பாஸ்டனை அடுத்த புரூக்லைனில் இருந்த வீட்டிலிருந்து வெளியேறியவரைப் பிறகு எவரும் கண்டதாகத் தெரியவில்லை. அப்போது அவருக்கு வயது 25. கணவர் இரண்டு வாரம் கழித்தே காவல்துறையிடம் சொன்னார்.

அந்த மர்மத்தைத் துருவுவோர் பலர்; எனக்கு அதில் ஆர்வமில்லை. அவருடைய தாள்கள் இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, படிக்கலாம். அவரைத் தளர்த்தியது அச்சான புத்தகம் என்பதைவிட, படித்துக்கொண்டிருந்த ஒருவர் பாதியில் எழுந்து போனது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, நூறு பிரதி அச்சிடுவதால் கேடு வந்துவிடாது. அவளுக்குப் பதினாறு வயதாகும்போதும், வேறு பள்ளிக்குப் போனபின்பும், அவள் எழுதுவதைக் கேட்டு வாங்கிப் படிக்க உங்களால் முடியுமா என்பதை மட்டும் முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். 'கச்சான்' என்று அவள் எழுதியிருந்தால் அதை 'மேல்காற்று' என்று திருத்திவிடாதீர்கள். மூன்று நோட்டுகளையும் இன்றிரவே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்துவிடுங்கள்.